பதினொரு மாதத்துக்கு ஒரு வீடு: யாழ்ப்பாணத்தில் எதை வாங்குவது, எதைக் கேட்டுப் பெறுவது

கண்டியிலிருந்து 11 மாத ஒப்பந்த வேலைக்கு யாழ்ப்பாணம் வரப்போகும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொக்குவிலில் ஒரு வீட்டின் மேல்மாடியைப் பேசி வைத்திருக்கிறார். இரண்டு அறை, ஒரு சின்ன ஹோல், குசினி, குளியலறை. உள்ளே ஒரு கதிரைகூட இல்லை. மார்ச் 1ஆம் திகதி வேலை தொடங்குகிறது. மனைவியும் நாலு வயது மகளும் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி வருவார்கள். கையில் 150,000 ரூபாய் இருக்கிறது. கடையில் தவணைக்கு எடுப்பதா, கண்டி வீட்டில் இருப்பதை லொறியில் ஏற்றுவதா, பழைய சாமான் வாங்குவதா என்று கேட்கிறார்.

மூன்றில் எது என்று கேட்டாலும், அவருடைய உண்மையான கவலை போகும்போது இதையெல்லாம் என்ன செய்வது, இந்த ஒன்றரை இலட்சத்தில் எவ்வளவு கைக்குத் திரும்பி வரும் என்பதுதான். அதற்கே பதில் எழுதுகிறேன். 2010இலிருந்து பன்னிரண்டு வருடம் தொண்டு நிறுவனங்களில் நிர்வாக வேலை பார்த்தேன். ஆறு மாதம், ஒரு வருடம் என்று வந்து போகும் உத்தியோகத்தர்களுக்கு வீடு பிடிப்பது, சாமான் போடுவது, அவர்கள் போனதும் விற்றுக் கணக்கு முடிப்பது எல்லாம் என் பொறுப்பு. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலுமாக நாற்பது வீட்டுக்கு மேல் அப்படிச் செய்திருக்கிறேன். இப்போது எங்கள் வீட்டின் ஒரு பகுதியை நானே வாடகைக்கு விடுகிறேன். அதனால் வீட்டுக்காரரின் மனமும் ஓரளவு தெரியும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு சாமானின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். வாங்கும் விலையிலிருந்து விற்கக்கூடிய விலையைக் கழித்து 11ஆல் வகுத்துப் பாருங்கள். கணக்குக்காக ஒரு எண் சொல்கிறேன். 60,000 ரூபாய்க்குப் புது ஒட்டுப்பலகை அலுமாரி வாங்கி, போகும்போது 20,000க்குக் கொடுத்தால் மாதம் 3,600 ரூபாய்க்கு மேல் அதற்கு வாடகை கட்டியதாக ஆகும். பழைய இரும்புக் கட்டில் ஒன்றை 15,000க்கு வாங்கி 11,000க்கு விற்றால் மாதம் 364 ரூபாய்தான். பழைய சாமானின் விலை விழ வேண்டிய அளவு ஏற்கெனவே விழுந்திருக்கும். புதுச் சாமான் கடை வாசலைத் தாண்டியவுடன் விழும், அந்த விழுக்காட்டை நீங்கள்தான் சுமக்கிறீர்கள். தங்கும் காலம் நாலைந்து வருடம் என்றால் இந்தக் கணக்கு மாறிவிடும். 11 மாதத்துக்கு இதுதான் கணக்கு.

இதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாரா என்று கேளுங்கள். இங்கே வாடகைக்கு வரும் வீடுகளில் பலவற்றின் சொந்தக்காரர்கள் கனடாவிலோ இலண்டனிலோ சுவிஸிலோ இருப்பார்கள். திறப்பு ஒரு தமக்கையிடமோ மாமாவிடமோ இருக்கும். குடும்பம் வெளிக்கிட்டபோது தளபாடங்களை விற்க மனம் வராமல் ஒரு அறைக்குள் அடுக்கிப் பூட்டியிருப்பார்கள். வாடகைக்கு விடும்போது வீடு வெறுமையாக இருப்பதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம். சாமான் இருக்கிறது, பழுதாகிவிடும் என்ற பயத்தில் வெளியே வருவதில்லை. அந்த அறைகளுக்குள் தேக்கு மேசை, பலாக் கதிரை, வேம்புக் கட்டில், இரும்பு அலுமாரி எல்லாம் தூசி படிந்து கிடப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். இன்றைக்குக் கடையில் அந்த மரத்தில் புதுச் சாமான் வாங்கப் போனால் உங்கள் பணத்தில் பெரும் பங்கு போய்விடும்.

கேட்கும் முறை முக்கியம். வீடு பேசும் அன்றைக்கே தொலைபேசியில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். முற்பணம் கொடுத்து, ஒரு வாரம் இருந்து, முற்றத்தைக் கூட்டி, வாடகையைச் சொன்ன நாளில் கொடுக்கும் ஆள் என்று தெரிந்த பிறகு, திறப்பு வைத்திருப்பவரிடம் நேரில் போய்க் கேளுங்கள். "அன்ரி, பிள்ளை வரப்போகுது, ஒரு கட்டிலும் ஒரு மேசையும் பாவிக்கத் தருவீங்களோ, போகேக்க இருந்த மாதிரியே தந்திட்டுப் போறன்" என்று இரண்டு சாமானை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "என்ன இருந்தாலும் தாங்கோ" என்றால் கதவு திறக்காது. தருவதற்குச் சம்மதித்தால் ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள கீறல், உடைவு எல்லாவற்றையும் எழுதி, இரண்டு பிரதியில் கையெழுத்து வைத்து, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கும் வாட்சப்பில் அனுப்பிவிடுங்கள். இது அவர்களுக்கு நிம்மதி, போகும்போது முற்பணம் பற்றிப் பேச்சு வந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு. எல்லா வீட்டிலும் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காமல் புதுச் சாமான் வாங்கியவர்கள், மூன்று மாதம் கழித்து அந்த அறை திறந்தபோது மனவருத்தப்பட்டதைக் கண்டிருக்கிறேன்.

வெளிநாட்டு வீட்டுக்காரர் என்றால் இன்னொன்றையும் இப்போதே பேசி முடியுங்கள். ஓகஸ்ட் மாதத்தை ஒட்டி நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். வெளிநாட்டில் பள்ளிக்கூட விடுமுறையும் அந்தக் காலத்தில்தான். சொந்தக்காரர் குடும்பத்தோடு வந்து நிற்க வேண்டும் என்று நினைத்தால் உங்களுக்கு இடைஞ்சல் வரும். அந்த மாதங்களில் வாடகை அறைகளுக்கு ஊர் முழுக்கக் கிராக்கி இருப்பதால் வேறு இடம் தேடுவதும் கஷ்டம். 11 மாதத்துக்குள் எழுப்ப மாட்டோம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சட்டம் என் துறை அல்ல. எழுதிய ஒப்பந்தத்தை ஒரு நொத்தாரிசிடம் காட்டிக் கேட்பதற்கு ஆகும் செலவு, வீடு மாறும் செலவை விடக் குறைவு என்பதை மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன்.

சரி, முதல் பத்து நாளுக்கு என்ன வேண்டும்? தனியாக வருகிறீர்கள். ஒரு நல்ல மெத்தை, தலையணி, நுளம்பு வலை, ஒரு நிலை விசிறி, மூடியுள்ள இரண்டு வாளி, ஒரு கோப்பை, தும்புத்தடி, மின்சாரக் கேத்தல், ஒரு பிளாஸ்டிக் கதிரை. இவ்வளவுதான். மெத்தையை நிலத்தில் போட்டே ஒரு மாதம் சமாளிக்கலாம். மெத்தையைப் புதிதாகவே வாங்குங்கள். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு முறை நிறுவனம் ஒன்று மூடும்போது விற்ற எட்டு மெத்தைகளை மலிவாக வாங்கி ஒரு வீட்டில் போட்டேன். இரண்டாவது கிழமை மூட்டைப்பூச்சி. மெத்தையை எரித்தும் போகவில்லை. கட்டில் பொருத்துகளுக்குள்ளும் கதவு நிலை வெடிப்புகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. வெந்நீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, மருந்தடித்து முடிக்க மூன்று மாதம் ஆனது. அந்த வீட்டில் இருந்த பிள்ளைகள் இரவில் சொறிந்துகொண்டு அழுதது இன்னும் என் மனதில் நிற்கிறது. மெத்தை, தலையணி, பஞ்சு வைத்த செற்றி, இந்த மூன்றையும் யார் சும்மா தந்தாலும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

பத்து நாள் இருந்து பார்த்தால் வீடே சொல்லும், காலையில் எந்த ஜன்னலால் வெயில் வருகிறது, எந்த அறையில் காற்று ஓடுகிறது, தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று. அதற்கு முன்பே எந்த அறைக்கு எந்தக் கட்டில் என்று முடிவு செய்தவர்கள் பிறகு இழுத்து இழுத்து மாற்றியதைத்தான் கண்டிருக்கிறேன்.

பழைய சாமான் தேடுவதற்கு உங்கள் இடம் நல்ல இடம். கொக்குவிலுக்குப் பக்கத்தில்தான் திருநெல்வேலி, அங்கே பல்கலைக்கழகம் இருப்பதால் அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள் அதிகம். படிப்பு முடித்துப் போகிறவர்கள் எழுதும் மேசை, புத்தக ராக்கை, விசிறி, ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்றுவிட்டுப் போக நினைப்பார்கள். மாணவர் விடுதிகளுக்குப் பக்கத்துக் கடைகளில் சொல்லி வையுங்கள். இக்மன் என்ற இணைய விளம்பரத் தளத்திலும் பேஸ்புக்கிலும் யாழ்ப்பாணம் என்று தேடினால் கிடைக்கும். உதயன், வலம்புரி பத்திரிகைகளின் சிறு விளம்பரங்களையும் பாருங்கள். வயதானவர்கள் இன்னும் அதில்தான் விற்கிறார்கள், அவர்கள் விற்கும் மரச்சாமான்தான் நல்லது. எல்லாவற்றிலும் மேலானது வேலையிடத்தில் வாயால் சொல்லி வைப்பது. "ஒரு மேசை தேடுறன்" என்று இரண்டு பேரிடம் சொல்லிப் பாருங்கள். யாரோ ஒருவரின் சித்தி வீட்டில் ஒன்று நிற்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. மரச்சாமானைக் கவிழ்த்துக் காலடியைப் பாருங்கள். கோதுமை மா போலத் தூள் கொட்டினால் மரம் உளுத்திருக்கிறது. மண் கோடு ஓடியிருந்தால் கறையான். இரண்டையும் விட்டுவிடுங்கள், ஏனென்றால் அது மற்றச் சாமானுக்கும் வீட்டுக்காரரின் கதவு நிலைக்கும் தொற்றும். இரும்புக் கட்டிலில் கறள் பிடித்திருப்பது பெரிய விஷயமில்லை, தேய்த்துப் பெயின்ற் அடிக்கலாம். ஆனால் பொருத்து ஒட்டிய இடத்தில் கறள் உள்ளே தின்றிருக்கிறதா என்று ஒரு பக்கத்தை உயர்த்தி ஆட்டிப் பாருங்கள். குருநகர், பாசையூர் போன்ற கடற்கரைப் பக்கத்திலிருந்து வரும் இரும்புச் சாமானில் உப்புக்காற்று வேலை செய்திருக்கும். விசிறியை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் சுழற்றுங்கள், தடையில்லாமல் பல சுற்று ஓட வேண்டும். பிரிட்ஜ் என்றால் இரண்டு மணித்தியாலமாவது ஓடவிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பிரிட்ஜை நம்பாதீர்கள், நீங்கள் போகும்போது நிறுத்தி வைத்திருக்கச் சொல்லுங்கள். கதவுக்குள் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். இலேசாக வந்தால் றப்பர் தளர்ந்துவிட்டது, கரண்ட் கூட இழுக்கும். கொண்டுவந்த பிறகு சில மணித்தியாலம் நிமிர்த்தி வைத்துவிட்டே போடுங்கள், படுக்கவைத்து ஏற்றியிருந்தால் இன்னும் அதிக நேரம்.

ஒட்டுப்பலகைச் சாமானைப் புதிதோ பழையதோ வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு கடையில் ஆறு அலுமாரி ஒன்றாக வாங்கிப் போட்டேன். ஒக்ரோபரில் மாரி தொடங்கியது. கார்த்திகை முடிவதற்குள் அடிப்பலகை ஊதி, கதவு பூட்ட முடியாமல் போய்விட்டது. அதைக் கழற்றி மறுபடி பூட்டினால் ஆணி பிடிக்காது, ஆகவே விற்கவும் முடியாது. 11 மாதத்துக்கு அலுமாரியே வேண்டுமா என்று யோசியுங்கள். ஒரு வெல்டிங் கடையில் ஆளுயரத்துக்கு இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்று செய்வித்து, உடுப்பை ஹாங்கரில் தொங்கவிட்டு, முன்னால் ஒரு சீலைத் துணியைத் திரையாகப் போட்டால் போதும். மடிக்கும் உடுப்புகளுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள். போகும்போது அந்தப் பெட்டிகளே உங்கள் பயணப் பெட்டியாகும். சந்தையில் பனையோலைக் கடகம் இரண்டு வாங்கினால் வெங்காயம், உருளைக்கிழங்கு, பிள்ளையின் விளையாட்டுச் சாமான் எல்லாம் அதற்குள் அடங்கும். பார்க்கவும் அழகாக இருக்கும்.

வெக்கையைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். கண்டி கிட்டத்தட்ட 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, யாழ்ப்பாணம் கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது. உங்கள் மனைவியும் மகளும் வரும் அந்தச் சித்திரை வருடப்பிறப்பு நாட்களில்தான் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே நிற்கும். நீங்கள் எடுத்திருப்பதோ மேல்மாடி. கொங்கிறீற் தட்டு பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, இரவு பத்து மணிக்குப் பிறகும் வெக்கையைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். தளபாடத்தில் மிச்சம் பிடிக்கும் பணத்தை இங்கே போடுங்கள். தட்டுக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை அடிக்க வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். செலவு குறைவு, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், அவருடைய வீட்டுக்கும் நல்லது என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெளியே கிடுகு அல்லது மூங்கில் தட்டி கட்டினால் பின்னேர வெயில் கண்ணாடிக்கு வராது. உள்ளே தடித்த திரை போடுவது அரைப் பலன்தான், சூடு கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகு திரை அதை வெளியே தள்ளாது. கிடுகை இறுக்கிக் கட்டுங்கள், வைகாசியில் சோளகக் காற்றுப் பிடித்தால் தளர்ந்த தட்டி பறந்துவிடும். தட்டுக்குக் கீழே தொங்கும் சீலிங் விசிறி இரவில் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் கீழே தள்ளும். நிலை விசிறியை ஜன்னலோரம் வைத்து வெளிக்காற்றை உள்ளே எடுத்தால் படுக்க முடியும். இரண்டு விசிறி வாங்குங்கள். விற்பதற்கு இதைவிட இலேசான சாமான் இங்கே இல்லை.

ஏசி வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஏப்ரலில் கேட்பீர்கள். 60 வாற் விசிறி ஒன்று ஒரு இரவில் 10 மணித்தியாலம் ஓடினால் 0.6 அலகு, மாதத்துக்கு 18 அலகு. ஒரு சிறிய ஏசி ஒரு இரவிலேயே ஐந்தாறு அலகு எடுக்கலாம், மாதம் 150ஐத் தாண்டும். வீட்டு மின்கட்டணம் 60, 90, 120, 180 அலகு என்று படிப்படியாக ஏறுவது உங்களுக்குத் தெரியும். படி ஏறும்போது அலகின் விலையும் ஏறும், மாதக் கட்டணமும் ஏறும். ஆகவே கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: மேல்மாடிக்குத் தனி மீற்றர் இருக்கிறதா? கீழ் வீட்டோடு ஒரே மீற்றர் என்றால், இரண்டு குடும்பமும் சிக்கனமாக இருந்தும் கூட்டுத்தொகை மேல் படிக்குப் போய்விடும். அதை எப்படிப் பிரிப்பது என்பதில் சண்டை வந்த வீடுகளை நான் அறிவேன். தனி மீற்றர் இல்லாவிட்டால் உப மீற்றர் ஒன்று பூட்டித் தரச் சொல்லி, கணக்கை எப்படிப் பிரிப்பது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். பிளக் விஷயமும் பாருங்கள். பழைய வீடுகளில் வட்ட முள் பிளக்தான் இருக்கும், புதிதாக வாங்கும் சாமானில் சதுர முள். மலிவான மாற்றி ஒன்றைச் செருகி அதில் கேத்தலும் ஸ்திரிக்கைப் பெட்டியும் போடாதீர்கள், கருகும். வந்த அன்றே, மின் கசிந்தால் கரண்டைத் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள். கரண்ட் நிற்கவில்லை என்றால் பிள்ளை வருவதற்கு முன் திருத்தியாக வேண்டும்.

தண்ணீர் உங்களுக்குப் புதிதாக இருக்கும். இங்கே வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறும் கிணற்றுத் தண்ணீர்தான் பெரும்பாலான வீடுகளுக்கு ஆதாரம். அதனால் கேத்தலின் அடியில் சில கிழமைக்குள் வெள்ளையாகப் படியும். வினாகிரி ஊற்றிக் கொதிக்கவைத்துக் கழுவினால் போய்விடும், பயப்பட வேண்டாம். சவர்க்காரம் நுரைப்பது குறைவாக இருக்கும். விலை கூடிய உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் எதையும் இங்கே கொண்டு வராமல் இருப்பது நல்லது, அந்தப் படிவு அதற்குள்ளும் சேரும். குடிப்பதற்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள். தோட்டங்கள் நெருக்கமாக உள்ள இடங்களின் கிணறுகளில் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுக் குறையாது. பெரிய போத்தலில் சுத்திகரித்த தண்ணீர் வாங்குவதையே மாதச் செலவில் சேர்த்துவிடுங்கள். மோட்டருக்குக் கரண்ட் இல்லாவிட்டால் தண்ணீரும் இல்லை, ஆகவேதான் மூடியுள்ள வாளி என்று மேலே எழுதினேன். மூடி இல்லாமல் தேக்கினால் நுளம்பு முட்டையிடும். மாரி மழையோடு டெங்குவும் வரும். அந்த நுளம்பு பகலில் கடிப்பது, இரவு வலை மட்டும் காணாது. ஜன்னல்களுக்கு வலைத்துணி அடியுங்கள்.

குசினிக்கு அதிகம் எழுதத் தேவையில்லை. இரண்டு அடுப்புள்ள காஸ் குக்கர், சிலிண்டரை 5 கிலோவில் தொடங்கினால் தனியாக இருக்கும் மாதங்களுக்குக் காணும். குடும்பம் வந்த பிறகு 12.5 கிலோவுக்கு மாறலாம். குக்கர் பழையது வாங்கலாம், குழாயும் ரெகுலேற்றரும் புதிதாகவே, சிலிண்டர் எந்தக் கம்பனியோ அதற்குப் பொருந்துவதாக வாங்குங்கள். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் வெடிப்புகள் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூட்டியதும் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதை ஒவ்வொரு சிலிண்டர் மாற்றும்போதும் செய்யுங்கள். சட்டி, கத்தி, திருவலை, கரண்டி எல்லாம் கண்டி வீட்டிலிருந்து கொண்டு வரலாம். புட்டுக் குழலைக் கொண்டு வராவிட்டாலும் பரவாயில்லை, சந்தையில் பனையோலை நீத்துப்பெட்டி ஒன்று மலிவாக வாங்கி எந்தப் பானையின் வாயிலும் வைத்து அவிக்கலாம். அந்த ஓலை வாசனையோடு வரும் புட்டை உங்கள் மகளுக்கு ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். பிரிட்ஜை இப்போது வாங்க வேண்டாம். தனியாள் அன்றன்று வாங்கிச் சமைக்கலாம், திருநெல்வேலிச் சந்தை பக்கத்தில்தான். மனைவியும் பிள்ளையும் வரும் கிழமையில் வாங்குங்கள், அதற்குள் நல்ல பழையது ஒன்று கண்ணில் படும்.

தவணைக்கு வேண்டாம். 24 மாதத் தவணையில் எடுத்த சாமானோடு 11ஆவது மாதம் எங்கே போவீர்கள்? மொத்தமாகக் கட்டும் தொகை காசு விலையை விடக் கூட. தவணை முடியும்வரை சாமான் உங்களுக்கு முழுச் சொந்தம் இல்லாத ஒப்பந்தம் என்றால் இடையில் விற்கவும் முடியாது. கையில் ஒரு சதமும் இல்லாதவர்களுக்கு வேறு வழியில்லை என்பது எனக்குத் தெரியும். உங்களிடம் 150,000 இருக்கிறது.

லொறியைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. ஏ9 வீதி கண்டியில் தொடங்கி 321 கிலோமீற்றர் ஓடி யாழ்ப்பாணத்தில் முடிகிறது, ஆகவே பாதை நேர்தான். உங்களுக்காகவே ஒரு லொறி பிடித்தால், அந்த வாடகையில் இங்கே பாதி வீட்டுக்குப் பழைய சாமான் வாங்கலாம், போகும்போது அதே செலவு மறுபடி வரும். மரக்கறி ஏற்றி வரும் லொறிகளில் ஒரு மூலையில் இடம் பிடித்துச் சாமான் அனுப்பியவர்கள் உண்டு. நானும் இரண்டு முறை அப்படி எடுப்பித்திருக்கிறேன், ஒரு முறை எல்லாம் ஒழுங்காக வந்தது, மறுமுறை மேசையின் கால் முறிந்து வந்தது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். பஸ்ஸிலோ தெரிந்தவரின் வாகனத்திலோ வரக்கூடியதை மட்டும் கொண்டு வாருங்கள்: சமையல் சாமான், பருத்தி விரிப்புகள், விசிறி இருந்தால் அது, பிள்ளை தூங்கும்போது கட்டிக்கொள்ளும் எதுவானாலும் அது. தடித்த போர்வைகளை அங்கேயே விட்டுவிடுங்கள். இங்கே வாங்கும் சாமானை வீட்டுக்கு ஏற்ற பட்டா எனப்படும் சின்ன லொறி ஒன்று போதும். மேல்மாடிப் படி திரும்பும் இடத்தின் அகலத்தை முதலே அளந்து கையில் வைத்திருங்கள். கட்டில் பொருத்துக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

பணத்தை நான் இப்படிப் பிரிப்பேன். மெத்தை, விசிறிகள், வலை, வாளி எல்லாவற்றுக்கும் 60,000க்குள். கட்டில், மேசை, கதிரை பூட்டின அறையிலிருந்து வந்தால் செலவில்லை, வராவிட்டால் பழையதாக 30,000. காஸும் குசினியும் 20,000. மிச்சம் 40,000ஐ மனைவி வந்து வீட்டைப் பார்க்கும்வரை தொடாதீர்கள். அவரும் அந்த வீட்டில் இருக்கப் போகிறவர், பகல் முழுக்கப் பிள்ளையோடு அதற்குள் நிற்கப் போவதும் பெரும்பாலும் அவர்தான். பிரிட்ஜா, நல்ல மேசையா, பிள்ளைக்குச் சின்னக் கட்டிலா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். நான் போட்ட வீடுகளில் பிறகு வந்த மனைவிமார் வந்த முதல் நாளே முழுக்க மாற்றி அடுக்கியவை பல. அப்போது கையில் பணம் மிச்சம் இருந்த வீடுகளில் அவர்கள் சந்தோசமாக இருந்தார்கள். இந்தப் பிரிப்பில் விலைகள் கடைக்குக் கடை மாறும், ஆனால் வரிசையை மாற்ற வேண்டாம்.

போகும் மாதம் ஜனவரி கடைசி. விற்பதை ஜனவரியில் தொடங்கினால் பிந்திவிடும், கடைசிக் கிழமையில் விற்கிறவரின் அவசரம் வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். நவம்பர் கடைசியிலேயே வேலையிடத்தில் சொல்லி வையுங்கள், சாமானின் படங்களோடு. வாங்குகிறவரிடம் பாதிப் பணம் வாங்கிக்கொண்டு, ஜனவரி 28 வரை நான் பாவிப்பேன் என்று பேசி முடிக்கலாம், இங்கே அதற்குச் சம்மதிப்பார்கள். உங்களுக்குப் பிறகு அந்த மேல்மாடிக்கு வரப்போகிறவரை வீட்டுக்காரரிடம் கேட்டு அறிந்து, முதலில் அவரிடம் கேளுங்கள். படியால் இறக்கும் வேலையும் மிச்சம். பூட்டின அறையிலிருந்து எடுத்ததைத் துடைத்து, கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து, எடுத்த இடத்திலேயே அடுக்கி, படம் எடுத்து அன்ரியிடம் காட்டிவிட்டுத் திறப்பைக் கொடுங்கள்.